கலப்படமில்லாத தீவனம்

மீனுக்குப் பசித்தால் கத்தாது. ஆடு மாடு மாதிரி நம் உயிரை வாங்காது. அதற்காகவே மீன் வளர்க்க வந்தேன், ஐயா.

என் குளத்துக்குச் சோயாப் புண்ணாக்கு, கடலைப் புண்ணாக்கு, தவிடு, இவ்வளவுதான். கொட்டகையில் இருக்கிற பெரிய மிஷினில் போட்டு அரைத்துக்கொள்வேன். மற்றவர்கள் கருவாட்டுத் தூள் கலப்பார்கள். மீனை வளர்க்க மீனையே கொல்வதா? எறும்பை மிதித்துவிட்டாலே எனக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. சந்தையில் ‘சைவக் குளத்துக்காரர்’ என்று கிண்டல் செய்வார்கள். உள்ளூரப் பெருமையாகத்தான் இருக்கும்.

முதலில் மீனெல்லாம் நோஞ்சானாகக் கிடந்தது. என் மனைவியின் தம்பி தீவனம் போட ஆரம்பித்த பிறகு மளமளவென்று வளர்ந்தது. என் தீவனம் ஜெயித்துவிட்டதென்று பார்த்தவரிடமெல்லாம் பீற்றிக்கொண்டேன்.

ஒரு காலையில் நானே வாளியை எடுத்துப் போய்ப் போட்டேன். மீன்கள் மோந்து பார்த்துவிட்டு விலகிப் போயின. பின்னாலேயே அவன் தன் வாளியோடு கரைக்கு வந்தான். தண்ணீரே கொதிப்பது போல அத்தனையும் அவன் பக்கம் பாய்ந்தன. அவன் வாளியை முகர்ந்தேன்.

“என்னடா கலந்த?”

“கொஞ்சம் கருவாட்டுத் தூள்தான் மாமா. அக்காதான் போடச் சொல்லுச்சு. மீன் செத்துட்டா நீங்க தாங்க மாட்டீங்கன்னு.”

சொல்லிவிட்டுச் சிரித்தான். நல்ல பையன், கெட்ட எண்ணம் கிடையாது. எனக்குத்தான் உடம்பெல்லாம் கூசியது.

கோபப்படவில்லை. “மிஷினை நல்லா வழிச்சு எடு, வாடை போகணும்” என்றேன். அடியில் ஒட்டியிருந்த புண்ணாக்கைச் சுரண்ட இடுப்புவரை உள்ளே குனிந்தான். சுவிட்சைப் போட்டேன். அது மெதுவாகச் சுற்றுகிற மிஷின், ஐயா. ‘மாமா’ என்று ஒரு தடவை கூப்பிட்டான். பிறகு எலும்பு முறிகிற சத்தம். கால்கள் வெளியே உதைத்துக்கொண்டே இருந்தன. பாதியில் நிறுத்தினால் கட்டி தட்டிவிடும், அதனால் நிறுத்தவில்லை.

வெளியூரில் வேலை கிடைத்துப் போய்விட்டான் என்று வீட்டில் சொன்னேன். அவன் அக்கா மாதக்கணக்கில் வாசலைப் பார்த்தபடி இருந்தாள்.

நேற்று உங்கள் போலீஸ் ஆட்கள் அவனைத் தேடிக் குளத்தை வற்றடித்தார்கள். சேற்றில் மீன்கள் வாயைப் பிளந்து துடித்ததைப் பார்த்து நான் அழுதுவிட்டேன். என்னை என்னவென்று நினைத்தீர்கள்? மாமிசம் கலந்ததை என் மீனுக்குப் போடுவேனா? அன்றைக்கே மிஷினைக் கழுவி, எல்லாவற்றையும் அள்ளி, கொட்டகைக்குப் பின்னால் சோயா விதைக்க உழுத நிலத்தில் புதைத்துவிட்டேன்.

விளைச்சல் அமோகம். மிஞ்சிய மீனைத் தொட்டியில் விட்டிருக்கிறீர்களாம். அந்தச் சோயாவை அரைத்துப் போடச் சொல்லி என் மனைவியிடம் சொல்லுங்கள். தைரியமாகப் போடலாம், அதற்காக ஒரு உயிரும் போகவில்லை.