மிஸ்டர் டீக் தேறிவிட்டார்

முதல் இரண்டு வருடம் எனக்குத் தூக்கம் அதிகம், மேடம். அதைத் தவிர என் கல்லூரி வாழ்க்கையில் சொல்லிக்கொள்ளும்படி ஒரு குற்றமும் கிடையாது. எட்டு மணி வகுப்புக்கு ஒன்பதே காலுக்குப் போவேன். சில நாள் நேராக மதியச் சாப்பாட்டுக்குத்தான் போவேன். பலன், கரிம வேதியியலில் சி மைனஸ், இயற்பியலில் டி. மொத்தத்தில் நாலுக்கு இரண்டரை. இந்த எண்ணை வைத்துக்கொண்டு மருத்துவக் கல்லூரி வாசலில் போய் நின்றால் காவலாளிகூட ஏறெடுத்துப் பார்க்க மாட்டான்.

எங்கள் வீட்டில் அப்பா கண் மருத்துவர், அண்ணன் எலும்பு மருத்துவர். நன்றி கூறும் நாளன்று வான்கோழியை வெட்டும்போதுகூடத் தசைகளின் பெயரைச் சொல்லிச் சொல்லித்தான் வெட்டுவார்கள். அந்த மேசையில் அண்ணன் என்னைப் பார்த்து, “க்ரேடி, எங்க ஆஸ்பத்திரியில ஆள் எடுக்கறாங்கடா. வண்டி பார்க் பண்ணி விடற வேலை” என்றான். அம்மாவும் சிரித்தார். நானும் சிரித்தேன். அவன்மேல் எனக்கு வருத்தமில்லை. நல்ல டாக்டர்.

மறுவாரம் கல்லூரி ஆலோசகர் டாக்டர் ப்ரெஸ்காட்டைப் போய்ப் பார்த்தேன். அவர் வைத்தியர் இல்லை. வாத்து இறகைப் பற்றி ஆராய்ந்து பட்டம் வாங்கியவர். ஆனாலும் ‘டாக்டர்’ போடாமல் கூப்பிட்டால் காது கேட்காது.

“மார்க் குறையறது ஒரு வியாதி, க்ரேடி. குணமாக்கிடலாம்” என்றார். “கோட்டை விட்ட பாடத்தையெல்லாம் திரும்பப் படி. ரெண்டு வருசம். ஆனா அப்படித் திரும்பப் படிச்சவங்க ஆயிரம் பேரு க்யூல நிக்கறாங்க. ஆள் சேர்க்கற கமிட்டிக்கு வேணுங்கறது கதை. அதைக் கட்டுரையா எழுதி விண்ணப்பத்தோட குடுக்கணும்.”

“என்ன கதை, டாக்டர்?”

“உன்னைப் புரட்டிப் போட்ட கதை. ஒரு சாவு இருந்தா நல்லது.”

“யாரோட சாவு?”

“சொந்தக்காரங்கன்னா புளிச்சுப் போச்சு. நோயாளின்னா பிரமாதம்.”

இரண்டு வருடம் படித்தேன். எடுத்த பாடம் அத்தனையிலும் ஏ. இதை நான் அழுத்திச் சொல்கிறேன். நேற்றிலிருந்து இங்கே ஒருவர்கூட அதைப் பற்றிக் கேட்கவில்லை.

கதைக்காக ஹாஸ்பிஸில் தொண்டனாகச் சேர்ந்தேன். இனி ஆறு மாதம் தாங்காது என்று இரண்டு மருத்துவர்கள் கையெழுத்துப் போட்டுவிட்ட நோயாளிகளை, வைத்தியத்தை நிறுத்திவிட்டு, வீட்டிலேயே வைத்து நிம்மதியாகப் பார்த்துக்கொள்வது ஹாஸ்பிஸின் வேலை. பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுத் துணையாக இருப்பது என் வேலை. முதல் மூன்று பேர் என்னை ஏமாற்றிவிட்டார்கள். மூன்று பேரும் நான் ஆய்வகத்தில் இருந்த நேரத்தில் காலமானார்கள். நான்காவதாக வந்தவர் ஆர்வில் டீக்.

முப்பத்தொரு வருடம் எங்கள் மாவட்டத்தில் வண்டி ஓட்டும் உரிமத்துக்குத் தேர்வு வைத்தவர். ஊரில் பாதிப் பேரை ஒரு தடவையாவது பெயிலாக்கியிருந்தார். படுக்கையில் கிடந்தபடியே சீட்டு விளையாடுவார், என்னைத் தோற்கடிப்பார். “டாக்டரே, சீட்டுலயே முழிக்கறே. நாளைக்கு என் குடலைத் திறந்து வெச்சுக்கிட்டு எங்கே முழிப்பியோ” என்பார்.

பிப்ரவரியில் சாப்பாட்டை நிறுத்திவிட்டார். ஹாஸ்பிஸ் நர்ஸ் டோரீன் என்னைத் தனியே கூப்பிட்டு, “இந்த வாரம் தாண்டாதுப்பா” என்றாள். அந்த ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து கட்டுரையை எழுதி முடித்தேன். ஜன்னலுக்கு வெளியே பனி. அவர் என் கையை இறுகப் பற்றுகிறார். “நீ நல்ல டாக்டரா வருவே, தம்பி” என்கிறார். பிறகு அமைதி. இதில் மோசடி எதுவும் இல்லை, மேடம். ஒரு வாரம் முந்திக்கொண்டேன், அவ்வளவுதான்.

டாக்டர் ப்ரெஸ்காட் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். என்னைக் கேட்காமலேயே அதை வகுப்பில் எல்லோருக்கும் உரக்கப் படித்துக் காட்டினார். இரண்டு பெண்கள் அழுதார்கள். என் வாழ்நாளில் யாரும் என்னை நினைத்து அழுது நான் பார்த்ததில்லை.

மார்ச் மாதம் மிஸ்டர் டீக் பேன்கேக் கேட்டார்.

கேட்டதால் சுட்டுக் கொடுத்தேன். நான்கு சாப்பிட்டார். செவ்வாயும் வியாழனும் போய்ச் சுடுவதென்று ஆனது. ஏப்ரலில் சக்கர நாற்காலியில் வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போனேன். தெருவில் போகிறவர்களை எல்லாம், “சிக்னல் போடாம திரும்பறான் பாரு, கழுதை” என்று திட்டினார். மே மாதத்துக்குள் பதினோரு பவுண்டு எடை கூடிவிட்டது.

டோரீன் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். “நாலு வருசத்துல இப்படித் தேறினதுல இவர் ரெண்டாவது ஆளு, க்ரேடி. வெள்ளிக்கிழமை நம்ம பட்டியல்லேர்ந்து பேரை எடுக்கறோம். எல்லாம் உன்னாலதான். உன் வண்டிச் சத்தம் கேட்டாத்தான் அந்த மனுசனுக்குப் பசியே எடுக்குது.”

எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் விண்ணப்பம் மே கடைசியில் போய்ச் சேர வேண்டும். முந்தி வந்தவர்களுக்கு முந்தி இடம். என் பழைய மார்க்கோடு பிந்திப் போவதும் போகாமல் இருப்பதும் ஒன்றுதான். கடைசிப் பக்கத்தில், எழுதியதெல்லாம் உண்மை என்று உறுதிகூறி ஒரு கட்டத்தில் டிக் போட வேண்டும். சந்தேகம் வந்தால் டோரீனுக்குப் போன் செய்து கேட்பார்கள். பொய் சொல்லி மருத்துவத் தொழிலுக்குள் நுழைகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது ஒத்துவராது.

செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டு மணி. பேன்கேக் சாப்பிட்டு முடித்திருந்தார். நான் சீட்டைக் கலைத்துக்கொண்டே கேட்டேன்.

“மிஸ்டர் டீக், நான் நல்ல டாக்டரா வருவேனா?”

“நீயா? பிசிக்ஸ்ல டி வாங்கினவன்கிட்ட நான் நாக்கைக்கூட நீட்ட மாட்டேன்.”

“சும்மா ஒரு வார்த்தை சொல்லுங்களேன்.”

“மூணு தடவை பெயிலானவனுக்கும் லைசென்ஸ் குடுத்திருக்கேன். அவனுங்கதான் ஒழுங்கா ஓட்டுவானுங்க. பயம் இருக்கும்ல?” என்றார். பிறகு என் முழங்காலில் தட்டினார். “சரி, எழுதிக்கோ. நீ நல்ல டாக்டரா வருவே, தம்பி. போதுமா? இப்ப சீட்டைப் போடு.”

கறாராகப் பார்த்தால் அவருடைய கடைசி வார்த்தைகள் ‘இப்ப சீட்டைப் போடு’ என்பதுதான். அதைக் கட்டுரையில் சேர்க்க இடமில்லை. இத்தனை எழுத்துக்கு மேல் போகக் கூடாது என்று வரம்பு இருக்கிறது.

தலையணையைச் சரிசெய்யட்டுமா என்று கேட்டேன். தலையை உயர்த்திக் கொடுத்தார். தலையணை ஒரு கையில், அவருடைய கை இன்னொரு கையில். முகத்தின் மேல் வைத்து, என் எடை முழுவதையும் அதன்மேல் இறக்கினேன். பேன்கேக்கால் அவருக்குத் தெம்பு கூடியிருந்தது. நான் எதிர்பார்த்ததைவிட நேரம் பிடித்தது. அவர் என் கையை இறுகப் பற்றினார் என்று எழுதியிருந்தேன் அல்லவா, அதில் மிகை இல்லை. நான் எழுதியதைவிட இறுக்கமாகத்தான் பற்றினார். பிறகு அமைதி. சீட்டுகளை அடுக்கி வைத்தேன், தட்டைக் கழுவினேன், டோரீனைக் கூப்பிட்டேன்.

அன்று மாலையே கட்டுரையில் ஒரு திருத்தம் செய்தேன். ‘பனி’ என்பதை எடுத்துவிட்டு ‘லைலாக் பூ’ என்று போட்டேன். ஜன்னலுக்கு வெளியே நிஜமாகவே பூத்திருந்தது; போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

என் மணிக்கட்டில் நகம் பதிந்த தடத்தை டோரீன் பார்த்திருக்கிறாள். போலீஸுக்குச் சொன்னவள் அவள்தான் என்று தெரியும். அவள் கடமை அது. அதன் பிறகு நீங்கள் டாக்டர் ப்ரெஸ்காட்டிடம் போனீர்கள். பிப்ரவரி பதினாறு தேதியிட்ட கட்டுரைத் தாளையும், மே பதிமூன்று தேதியிட்ட மரணச் சான்றிதழையும் இந்த மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தீர்கள். நான் எதையும் மறுக்கவில்லை. ஆர்வில் டீக்கைக் கொன்றது நான்தான்.

சற்று முன்னால் பேனாவை மூடி வைத்துவிட்டு ஒன்று கேட்டீர்கள்: “ஏம்ப்பா, செத்துக்கிட்டிருந்த மனுசனைப் பேன்கேக் சுட்டுப் போட்டுப் பிழைக்க வெச்சிருக்கியே. அதையே எழுதியிருக்கலாமே?”

நீங்கள் தண்ணீர் எடுக்கப் போன நேரத்தில் நானும் அதை நேர்மையாக யோசித்துப் பார்த்தேன். பேன்கேக் சுட்டதையும், சீட்டில் தோற்றதையும், வாசலுக்கு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனதையும் எந்தக் கமிட்டி முன்னால் வைப்பது? நோயாளி எழுந்து உட்கார்ந்துகொண்டு தெருவில் போகிறவனைத் திட்டுகிறார், அதில் நான் எங்கே இருக்கிறேன்? மருத்துவத்தைப் பற்றிக் கொஞ்சமாவது தெரிந்திருந்தால் நீங்கள் இப்படிக் கேட்டிருக்க மாட்டீர்கள், மேடம்.