எடுத்தாச்சு

என் ஆயுளில் நான் ஒரு பொய்கூடச் சொன்னதில்லை. எழுதிக்கொள்ளுங்கள் ஐயா. சிரிப்பு வந்தால் சிரித்துவிட்டு எழுதுங்கள், எனக்கு அவசரமில்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்றவனுக்கு என்ன அவசரம்? உங்கள் நாற்காலி வேறு நன்றாக இருக்கிறது.

நீங்கள் விசாரிக்கப் போன இடத்தில் எல்லாம் வேறு மாதிரி சொல்லியிருப்பார்கள். தொழிற்சாலைகளில் எனக்கு மெகாவாட் என்றுதான் பேர். கிலோவாட்டில் சொல்ல வேண்டியதை நான் மெகாவாட்டில் சொல்வேனாம். அதில் தப்பில்லை, சொல்வேன். நான் ஓட்டிவிட்ட ஒரு மெஷின் இழுத்த இழுப்பில் ஊரில் பாதி இருட்டாகிவிட்டது என்பேன். உண்மையில் மங்கியது கேன்டீன் விளக்கு ஒன்றுதான். மெஷினுக்குத் தண்ணீர் போகிற தொட்டியிலிருந்து ஒரு தவளை வடிகட்டி வரைக்கும் வந்து மாட்டியது உண்மை. அது பெண்டாட்டி பிள்ளைகளோடு குடித்தனம் வந்தது என்பது என் சேர்மானம். ஆனால் தவளை இருந்தது பாருங்கள். தவளையே இல்லாமல் தவளைக் கதை சொல்கிறவன்தான் பொய்யன்.

என் தொழிலைச் சொல்கிறேன், அப்போதுதான் நடந்தது விளங்கும். இரும்புக் கம்பியைத் தீயே இல்லாமல் பழுக்க வைக்கிற மெஷின்களைப் பூட்டி, அவற்றின் கன்ட்ரோலரில் புரோகிராம் போட்டுக் கொடுப்பேன். செம்புக் குழாயைச் சுருள் சுருளாக வளைத்து வைத்திருப்போம், காயில் என்போம். குழாய்க்குள் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். கரண்ட் ஏறினால் காயில் சில்லென்றுதான் இருக்கும், அதற்குள் நுழைத்த கம்பி மட்டும் தன்னாலேயே சிவக்கும். பக்கத்தில் நிற்பவனுக்கு அதற்கு முன் ஒன்றும் தெரியாது. புகையில்லை, அனலில்லை. ரொம்ப நாகரிகமான மெஷின்.

அதனால்தான் அதைப் பூட்டும்போது பயபக்தி வேண்டும். முதலில் எர்த் சரியா என்று பார்க்க வேண்டும். தண்ணீர் ஓடாவிட்டால் மெஷின் ஓடக்கூடாது. காயிலை மூடுகிற கதவில் ஒரு சுவிட்ச் இருக்கும், கதவு திறந்திருந்தால் கரண்ட் ஏறவே கூடாது. அதைத் திறந்து மூடித் திறந்து மூடிச் சோதிக்க வேண்டும். புரோகிராமில் முதல் படியை மிகக் குறைந்த சக்தியில் வைத்து, ஒரு வீணான கம்பியை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டுத்தான் மேலே ஏற்ற வேண்டும். கைக்கடிகாரம், மோதிரம், வளையல் எல்லாம் வெளியே. வளையமாக இருக்கிற எந்த உலோகத்தையும் அந்த மெஷின் கம்பி என்றே நினைத்துக்கொள்ளும்.

இதில் எதையும் நான் ஒரு நாளும் மீறியதில்லை. என் வாய்தான் மெகாவாட். கை அப்படியில்லை.

இன்னொரு விதியும் உண்டு, அது நானே போட்டது. மெஷின் பூட்டுகிற எங்கள் ஆட்களுக்கு 'எடுத்தாச்சு' என்றால், மெயினிலிருந்து லைன் எடுத்து மெஷினுக்குக் கொடுத்தாச்சு, உயிர் இருக்கிறது என்று அர்த்தம். பராமரிப்பு ஆட்களுக்கு அதே 'எடுத்தாச்சு', லைனைப் பிடுங்கியாச்சு, மெஷின் செத்துக் கிடக்கிறது என்று அர்த்தம். நான் வேலை செய்யும் இடத்தில் அந்தச் சொல்லே கூடாது. 'கொடுத்தாச்சு', 'நிறுத்தியாச்சு', இந்த இரண்டைத் தவிர வேறெதைச் சொன்னாலும் வெளியே அனுப்பிவிடுவேன். இரண்டு பக்கத்து ஆட்களும் என்னைத் திட்டிக்கொண்டே பழகிக்கொண்டார்கள். கேட்டுப் பாருங்கள்.

சரி, சம்பந்தியிடம் வருகிறேன்.

என் மகளை அவர் மகனுக்குத்தான் கொடுத்திருக்கிறது. நீங்கள் விசாரிக்கிற தொழிற்சாலையில் அவர் பராமரிப்புப் பிரிவின் தலைவர். நல்ல மனிதர், எழுதிக்கொள்ளுங்கள். அளந்து சாப்பிடுவார், அளந்து பேசுவார். பிறர் பேசுவதையும் அளப்பார்.

எனக்கு ஒரு கதை உண்டு. ஒரு முதலாளி மோதிரத்தோடு காயிலுக்குள் கை விட்டார். மூன்று எண்ணுவதற்குள் மோதிரம் பழுத்துவிட்டது. நான் புலிபோலப் பாய்ந்து மெஷினை நிறுத்தி அவர் விரலைக் காப்பாற்றினேன். இதைச் சொல்லாத கல்யாண வீடு கிடையாது, சொல்லாத ரயில் பயணம் கிடையாது. அந்த முதலாளி மோதிரத்தைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுத்தான் கை விட்டார் என்பது வேறு விஷயம். பிற்பாடு அதே மோதிரத்தை இடுக்கியில் பிடித்துப் பழுக்க வைத்துக் காட்டினேன். கையும் உண்மை, மோதிரமும் உண்மை. இரண்டும் ஒரே நேரத்தில் என்பதுதான் சேர்மானம்.

பேத்திக்கு அந்தக் கதைதான் உயிர். என்னைக் கதைத் தாத்தா என்பாள். "ஒண்ணு" என்று நான் விரலைத் தூக்கினால் கண்ணை இறுக மூடிக்கொள்வாள். "மூணு" என்றதும் என் மடியில் வந்து விழுவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். நான் 'ஒண்ணு' வரைக்கும் வந்துவிட்டேன்.

"ஒரு சந்தேகம் சம்பந்தி," என்றார் அவர். "அந்த மெஷின்ல கதவு சுவிட்ச் கிடையாதா?"

"இல்லாம என்ன, இருந்துச்சு."

"கதவு திறந்திருந்தா கரண்ட் ஏறாதே. அப்புறம் மோதிரம் எப்படிப் பழுக்கும்?"

"அப்பா, விடுங்கப்பா. மாமா ஏதோ கதை சொல்லிட்டிருக்காரு," என்றார் மாப்பிள்ளை.

"தெரிஞ்சுக்கத்தான்டா கேக்கறேன். இது நடக்காத காரியம் ஆச்சே."

பேத்தி கண்ணைத் திறந்தாள். "அப்போ இது மெகாவாட்டா தாத்தா?"

என் மகள் சிரித்தாள். என் மனைவி புரையேறிச் சிரித்தாள். எல்லாரையும்விட நான்தான் சத்தமாகச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. குழந்தைக்குக் குழம்பில்லாத சோற்றைப் பிசைந்து கொடுத்துக்கொண்டிருந்தார்.

அதற்கப்புறம் நான் எந்தக் கதை ஆரம்பித்தாலும் பேத்தி அவர் பக்கம் திரும்பிக் கேட்பாள். "இது நிசமா தாத்தா?" அவர் தலையை ஆட்டினால் மேற்கொண்டு கேட்பாள். ஆட்டாவிட்டால் எழுந்து விளையாடப் போய்விடுவாள். அவர் வேண்டுமென்று செய்யவில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். கேட்டால் உள்ளதைச் சொல்வார், அவ்வளவுதான். தவளையைக் கேட்டாள். "தவளை வந்திருக்கும், குடும்பம் வந்திருக்காது," என்றார். குழந்தை ஒற்றைத் தவளையை வைத்துக்கொண்டு என்ன செய்யும்?

எனக்குக் கோபம் வரவில்லை. உண்மையைச் சொன்னால் ஒன்றுமே வரவில்லை. அன்றிலிருந்து சாப்பாட்டில் உப்பு இருக்கிறதா இல்லையா என்றுகூட எனக்குத் தெரிவதில்லை. மனைவி கேட்பாள், சரியாக இருக்கிறது என்பேன்.

பிறகு அவர்கள் தொழிற்சாலைக்குப் புதுக் கன்ட்ரோலர் வந்தது. ஓய்வு பெற்றிருந்த என்னைக் கூப்பிட மேனேஜர் தயங்கினாராம். "அந்த ஆள் வாயைத் திறந்தா கதைதானே?" என்றாராம். சம்பந்திதான் எனக்காகப் பேசியிருக்கிறார். "கதை விடுவாரு சார். வேலையில ஒரு நூல் பிசகாது. அவர் நிறுத்தியாச்சுன்னு சொன்னா நான் கண்ணை மூடிக்கிட்டுக் கையை விடுவேன்." இதை மேனேஜரே என்னிடம் சொன்னார். கேட்டு வைத்துக்கொண்டேன்.

மெஷினை ஒழுங்காகத்தான் பூட்டினேன். எர்த், தண்ணீர், வயரிங், எல்லாம் நீங்களே ஆள் வைத்துச் சோதித்தீர்கள், ஒரு குறை கண்டுபிடித்தீர்களா? கதவு சுவிட்சை மட்டும் ஒரு துண்டு வயரால் இணைத்து வைத்திருந்தேன், கதவு திறந்திருந்தாலும் மெஷின் மூடியிருப்பதாக நினைத்துக்கொள்ள. கம்பி காயிலின் நடுவில் நிற்கிறதா என்று பார்க்கும்போது அப்படிச் செய்வார்களே என்றுதான் நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். மற்றவர்கள் செய்வார்கள். நான் செய்ததில்லை. என் வேலைக் காலத்தில் அதுதான் முதல் தடவை.

புரோகிராமின் முதல் படியில், தண்ணீர் நிதானத்துக்கு வரும்வரை காத்திரு என்று போட்டேன். இரண்டாவது படியில் குறைந்த சக்தி போட வேண்டும். முழுசும் போட்டேன். பிறகு பச்சைப் பட்டனை அழுத்திவிட்டு, காயில் பக்கம், சம்பந்தி அருகே வந்து நின்றேன். பேனல் விளக்கு எரிவது அங்கிருந்து தெரியாது, தூண் மறைக்கும். காத்திருக்கிற மெஷினுக்குச் சத்தமும் கிடையாது.

"சம்பந்தி, காயிலுக்குள்ள ஒரு சொட்டுத் தண்ணி தெரியுது, பாருங்க," என்றேன்.

தண்ணீர் இருந்தது. நான்தான் விட்டிருந்தேன்.

அவர் பூட்டும் கையுமாக மெயின் பக்கம் போகப் பார்த்தார். மெயினை நிறுத்தித் தன் கையால் பூட்டுப் போடாமல் அவர் எந்த மெஷினையும் தொடமாட்டார். "நான் இங்கதானே நிக்கறேன்," என்றேன். அங்கேதான் நின்றேன்.

அவருக்கு மோதிரம் கழலாது. கல்யாணத்தில் போட்டது, விரல் பருத்துவிட்டது. ஆட்களை எல்லாம் மோதிரம் கழற்றச் சொல்லிவிட்டுத் தன் மோதிரத்துக்கு மேல் பிளாஸ்திரி சுற்றிக்கொள்வார். அவர் செய்கிற ஒரே தப்பு அதுதான், அதற்காக வெட்கப்படுவார். அன்றும் புதுசாகச் சுற்றியிருந்தார்.

துடைக்க ஒரு துணி கொடுத்தேன்.

குனிந்து, கையைக் காயிலின் வாயருகே கொண்டுபோனவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "நிறுத்தியாச்சா சம்பந்தி?"

பாருங்கள், அவர் என் சொல்லையே பயன்படுத்தினார். நான் போட்ட விதிக்கு அவ்வளவு மரியாதை.

"எடுத்தாச்சு," என்றேன்.

ஒரு கணம் என் முகத்தையே பார்த்தார். அந்தச் சொல்லை என் வாயில் கேட்டது அவருக்குப் புதுசு. ஆனால் அவர் பராமரிப்புக்காரர். எடுத்தாச்சு என்றால் அவருக்குப் பிடுங்கியாச்சு. துணியோடு கையை முழங்கை வரைக்கும் விட்டார்.

காயில் நீளமானது, வாய் குறுகலானது. தட்டையாக உள்ளே போன கை, துணியைப் பிடித்த முஷ்டியாக வெளியே வராது. அதுவும் எனக்குத் தெரியும்.

மெஷின் ரீங்கரிக்க ஆரம்பித்தது. சிவப்புப் பட்டன் என் இடுப்பு உயரத்தில், கைக்கெட்டிய இடத்தில் இருந்தது. நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். எண்ணினேன். மூன்று வந்ததும் பட்டனை அழுத்தினேன். புலி மாதிரியெல்லாம் பாயவில்லை, சாதாரணமாக அழுத்தினேன். அவர் கத்தியிருப்பார் என்று நினைக்கிறேன். எனக்குக் கேட்கவில்லை. மெஷின் நின்ற பிறகு பம்ப் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது, அது நன்றாக நினைவிருக்கிறது. துண்டு வயரைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டுதான் ஆட்களைக் கூப்பிட்டேன். பிறகு மனசு கேட்காமல், பழைய இடத்திலேயே திரும்ப மாட்டி வைத்தேன். பொய் சொல்லக்கூடாதல்லவா? அதனால்தான் உங்கள் ஆட்கள் கண்ணில் அது பட்டது.

சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து மகள் போன் செய்தாள். "அப்பா, மாமாவோட விரலை எடுத்தாச்சு," என்றாள். அந்தச் சொல்லுக்கு அங்கே ஒரே அர்த்தம்தான்.

நீங்கள் அதை விபத்து என்று எழுதியிருக்கிறீர்கள். பராமரிப்புத் தலைவரின் கவனக்குறைவு, பூட்டுப் போடாதது, மோதிரம் அணிந்தது. அவரும் ஆமாம் என்று ஒத்துக்கொண்டாராம். மெஷின் ஓடுகிறதா என்று யாரிடமும் கேட்கவில்லை என்றாராம். அதைப் படித்துவிட்டுத்தான் வந்தேன். அவர் கேட்டார், ஐயா. அவர் ஒரு நாளும் கேட்காமல் கை விட்டதில்லை. தன் மருமகள் முகத்துக்காக, பேத்திக்காக, அந்த மனிதர் தன் வாழ்க்கையின் முதல் பொய்யைச் சொல்லியிருக்கிறார். அதை அழித்துவிட்டு என் பேரைப் போடுங்கள். நான் அவருக்கு ஒரு கெடுதலும் நினைக்கவில்லை. ஒரே ஒரு கதையை உண்மையாக்கினேன், அவ்வளவுதான். மற்றபடி நாங்கள் நல்ல சம்பந்திகள்.

நேற்று போய்ப் பார்த்தேன். கையில் பெரிய கட்டு. மகள் ஜன்னல் பக்கம் நின்று ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். பேத்தி கட்டிலில் ஏறி அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவர் என்னைப் பார்த்து, "வாங்க சம்பந்தி, உக்காருங்க," என்றார். உட்கார்ந்தேன்.

பேத்தி கட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"தாத்தா, கதைத் தாத்தா மோதிரக் கதை சொல்வாருல்ல? அது நிசமா?"

அவர் என்னைப் பார்த்தார். கோபமெல்லாம் இல்லை. ஒரு மீட்டரைப் படிப்பதுபோலப் பார்த்தார்.

"நிசம்தான்மா," என்றார். "உங்க தாத்தா பொய் சொல்லலை. அப்படியேதான் நடந்துச்சு. நானே பாத்தேனே, அவரு உதடு எண்ணிக்கிட்டே இருந்துச்சு. ஆனா மோதிரம் ரெண்டுலயே பழுத்துடுச்சும்மா. மூணு வரைக்கும் எண்ணியிருக்க வேண்டியதில்லை."