துரை பேர்ல போன பஞ்சு

ஜீன் டெஸ்டுக்கு நாயோட கன்னத்துக்குள்ள பஞ்சுக் குச்சிய விட்டுத் தேய்க்கறதுக்கு முன்னாடி ஒரு மணி நேரமாவது அதுக்கு ஒண்ணும் திங்கக் குடுக்கக் கூடாது டாக்டரம்மா. உங்க லேப்லேந்து வர்ற தாள்ல அரை மணின்னு போட்டிருக்கு, அது பத்தாது. நம்ம நாய் இனத்துப் பசங்க எதையாவது கடவாயில ஒதுக்கி வச்சுக்கிட்டு ஒண்ணும் தெரியாத மாதிரி மூஞ்சிய வச்சிருப்பாங்க. அடுத்த தடவை அச்சடிக்கறப்ப மாத்திப் போட்டுடுங்க.

நடந்தத நடந்தபடி எழுதி அனுப்பச் சொன்னீங்க. பேசற மாதிரியேதான் தட்டறேன், வேற மாதிரி எனக்கு வராது.

எங்க துரையப் போட்டோவுல பாத்திருப்பீங்க. அந்தத் தலையும் நெஞ்சும் நம்ம இனத்துல வேற எந்த ஆணுக்கும் கிடையாது. ஆறு வருஷத்துல முக்கால்வாசி வீட்டுக் குட்டிங்களுக்கு அவன்தான் அப்பன். அவன்கூடப் பொறந்தவன் ஒருத்தன் இருந்தான், கோணவால். வால் நுனி பொறவியிலேயே மடங்கியிருக்கும், அதனால நாய் அழகுப் போட்டிக்கும் போகல, ஜோடியும் சேக்கல. மத்தபடி ரெண்டும் அச்சு அசல் ஒண்ணு.

அந்தக் கால் வியாதி ஏழு எட்டு வயசுலதான் தலைகாட்டும், உங்களுக்குத் தெரியாததா. முதல்ல பின்னங்கால் நகம் தரையில உரசும். அப்புறம் கால் பின்னும். அப்புறம் இடுப்புக்குக் கீழ ஒண்ணும் இருக்காது, கண்ணு மட்டும் நம்ம பின்னாடியே வரும். அப்பன்கிட்டேந்து ஒண்ணு, ஆத்தாகிட்டேந்து ஒண்ணு, கெட்ட ஜீன் ரெண்டும் சேந்தாத்தான் வரும்னு நீங்க கண்டுபிடிச்சீங்க. உடனே நம்ம நாய் வளக்கறவங்க கிளப்புல எல்லா ஆணுக்கும் டெஸ்ட் கட்டாயம்னு தீர்மானம் போட்டோம். முன்மொழிஞ்சதே நான்தான். செயலாளர் வேற யாரு.

தீர்மானத்துக்கு முன்னாடியே வேற லேபுக்கு ரெண்டு பேர் பஞ்சையும் வேற ஏதோ பேர்ல அனுப்பிப் பாத்துட்டேன். கோணவாலுக்கு ரெண்டும் சுத்தம். துரைக்கு ரெண்டும் கெட்டது. கடவுள் மாத்திப் போட்டுட்டாரு போலன்னு நெனச்சேன். நான் திருப்பி மாத்தினேன், அவ்வளவுதான்.

தேய்க்கறப்ப மிருக டாக்டர் பக்கத்துல நிக்கணும், தோலுக்கடியில இருக்கற அடையாளச் சிப்ப மிஷின் வச்சுப் படிச்சுட்டுத்தான் கையெழுத்துப் போடணும். எங்க டாக்டர் என் தங்கச்சி பையன். கோணவாலக் குளிப்பாட்டி, வால் தெரியாம பெரிய துண்டு போத்தி, துரை இடத்துல படுக்க வச்சிருந்தேன்.

"மிஷின் கார்ல இருக்கு பெரியம்மா, எடுத்துட்டு வரட்டா?"

"எடுத்துட்டு வா. நான் வளத்த பிள்ளை யாருன்னு எனக்கே மறந்துபோச்சு, மிஷின் வந்து சொல்லட்டும்."

அவன் சிரிச்சுக்கிட்டே கையெழுத்துப் போட்டான். அவன் மேல தப்பு இல்ல. மரியாதை தெரிஞ்ச பையன்.

ஏன் செஞ்சேன்னு கேப்பீங்க. துரைய ஒதுக்கினா அந்தத் தலை அவனோட போயிடும். வியாதிக்கு இன்னைக்கு இல்லாட்டி நாளைக்கு மருந்து வரும், போன தலை திரும்ப வருமா. யோசிச்சுத்தான் செஞ்சேன்.

நடுவுல தையல்காரி வந்துட்டா, அதுதான் கஷ்டமாப் போச்சு. கடைத்தெருவுல துணி தைக்கறவ. அவளோட பொட்டை நாய் சீனிக்கு ஒரு ஜீன் கெட்டது, துரை சுத்தம்னு நம்பி எங்க வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தா. பொறந்ததுல ஒண்ண அவளே வச்சுக்கிட்டா, பொட்டுன்னு பேரு. பொட்டுக்கு ஏழு வயசுல நகம் உரச ஆரம்பிச்சுது. அவ பழைய கோட்டுத் துணிய வெட்டி, பட்டை வச்சு, இடுப்புல மாட்டித் தூக்கற மாதிரி ஒரு தூளி தைச்சா. அவ்வளவு நல்லா இருந்துச்சு. ஊர்ல நகம் உரசின மத்த நாய்களுக்கும் அவளே தைச்சுக் குடுத்தா. எல்லாம் துரையோட பிள்ளைங்கதான், அது அவளுக்குத் தோணல.

பொட்டுக்கு ரெண்டும் கெட்டதுன்னு வந்தப்ப, அப்பன் சுத்தமா இருக்க இது எப்படின்னு நீங்க உங்க டெஸ்டையே சந்தேகப்பட்டு ஒரு வருஷம் ஆராய்ச்சிய நிறுத்தி வச்சீங்க. அதுல எனக்கு வருத்தம்தான். அப்புறம் பஞ்சுகள ஒப்பிட்டுப் பாத்து, துரை அப்பன் இல்ல, ஆனா நெருங்கின சொந்தம்னு எழுதினீங்க. கிளப்புல எல்லாருக்கும் ஒரே பதில்தான் தோணுச்சு. தையல்காரி துரையோட சொந்தத்துல வேற எதோ ஆண விட்டுட்டு, பேரு மட்டும் துரைன்னு எழுதிட்டா. கூட்டம் போட்டோம். நான்தான் தலைமை.

"அக்கா, நீங்க சொல்லுங்கக்கா. சீனியத் தூக்கிட்டு நேரா உங்க வீட்டுக்குத்தானே வந்தேன். மூணு நாள் உங்க மாடியிலதானே படுத்திருந்தேன். வேற நாய் மூஞ்சியக் கூட நாங்க பாக்கலையே."

"வந்தம்மா, இல்லேங்கல. வீட்டுக்குப் போனப்புறம் என்ன நடந்துச்சுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அவ என்னையே பாத்துக்கிட்டு நின்னா. கோவமா இல்ல. எனக்கு ஞாபகம் வந்துடும்னு காத்திருக்கற மாதிரி. கிளப்புலேந்து அவ பேர அடிச்சுட்டோம். பொட்டு செத்தப்ப அவ யாருக்கும் சொல்லல. நான் தெரிஞ்சுக்கிட்டுப் போனேன், எனக்குத் தண்ணி கொண்டுவந்து குடுத்தா.

இப்ப வேற நாலு வீட்டுக் குட்டிங்களுக்கும் துரை அப்பன் இல்லேன்னு வந்திருக்கு. அஞ்சு பேரும் பொய் சொல்ல மாட்டாங்கன்னு உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு. துரையோட எலும்பு இருந்தா போதும்னு கேக்கறீங்க. இருக்கு. எங்க வீட்டுல துணி காயப்போடற கொடிக்குக் கீழ, சுவர் ஓரமா. தோண்டிக்குங்க.

எலும்புல ஜீன்தான் தெரியும், மத்தது தெரியாது. அதையும் நானே சொல்லிடறேன். இருதயம் நின்னு செத்தான்னு கிளப்புக்கு எழுதினேன். அது இல்ல. அவனுக்கு எட்டு வயசுல, காலை நடைக்குப் போறப்ப, வலது பின்னங்கால் நகம் சிமெண்டுல உரசற சத்தம் கேட்டுச்சு. ஒரு நகம்தான். வாலெல்லாம் ஆட்டினான், பந்து தூக்கிட்டு வந்தான், இன்னும் ஒரு வருஷம் ஜோரா இருந்திருப்பான். ஆனா அடுத்த வாரம் போட்டி, எல்லாரும் வருவாங்க, கேக்கற காதுக்குக் கேட்டுடும். மத்தியானம் தூக்க மாத்திரைய ஈரல்ல பொதிஞ்சு என் கையாலயே ஊட்டினேன். மெல்லாம முழுங்கிட்டு இன்னும் கேட்டான். குடுத்தேன். தலைய மடியில வச்சுக்கிட்டு சாயந்திரம் வரைக்கும் உக்காந்திருந்தேன்.

சேதி கேட்டு முதல்ல ஓடிவந்தவ தையல்காரிதான். அவன் மேல போத்தின துணியும் அவ தைச்சதுதான், தோண்டறப்பப் பாப்பீங்க.

அவ பேரத் திரும்பச் சேக்கணும்னு கிளப்புக்கு நீங்களே எழுதுங்க. அவகிட்ட விஷயத்தையும் நீங்களே சொல்லிடுங்க டாக்டரம்மா. என் வாயால கேட்டா அவ தாங்க மாட்டா, என்மேல அவளுக்கு அவ்வளவு பாசம்.