நகரும் புள்ளி

— பேட்டரி மேல பழி போடாதீங்க. நேத்துப் பொறந்த குழந்தை மாதிரி இருக்கு. உப்பல் இல்லை, கசிவு இல்லை, மீட்டர் வச்சும் பாத்துட்டேன்.

— அப்புறம் ஏங்க்கா மத்தியானத்துக்குள்ள செத்துப்போகுது? காலையில நூறு ஏத்திக்கிட்டுத்தான் வேலைக்குப் போறேன். ஸ்கேன் சென்டர்ல டோக்கன் கூப்பிடுற வேலை. எட்டு மணி நேரம் போனைத் தொடக்கூட மாட்டேன். சும்மா பையில கெடந்தே சூடாகுது.

— ஏண்டி, அவங்கதான் நல்லா இருக்குன்னு சொல்றாங்களே. புது பேட்டரி ஒண்ணைப் போட்டுக்கிட்டு வா, போவோம். என் போனும்தான் சூடாகுது, நான் என்ன கடை கடையாவா ஏறுறேன்?

— இருங்க பெரியம்மா, அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காருங்க. நல்லா இருக்கிற பேட்டரியை மாத்தி விட்டா நாளைக்கு உங்க பொண்ணு திரும்ப வந்து என்னைத்தான் திட்டும். இந்தாம்மா, லாக்கைத் திற. நம்பரைச் சொல்லாதே, நீயே போடு. யார்கிட்டயும் சொல்லக்கூடாது, ரிப்பேர்க்காரிகிட்டயும்தான்.

— உள்ள என்ன பாப்பீங்க? போட்டோவெல்லாம் இருக்கு.

— போட்டோ பக்கமே போக மாட்டேன். என் தோள்கிட்ட நின்னு நீயும் பாரு. இதோ செட்டிங்ஸ். பேட்டரின்னு இருக்கா? அதைத் தொட்டா எந்த ஆப் எவ்வளவு குடிச்சிருக்குன்னு வரிசையாக் காட்டிக்குடுக்கும். முதல் ஆளா நிக்கிறதுதான் குடிகாரன். அட... மேப்பா? நாள் பூரா ஓடிருக்கே.

— மேப்பா? நான் மேப்பே பாக்கறதில்லையேக்கா.

— நீ பாக்காட்டி என்ன, வேற யாரோ பாக்குறாங்க. இங்க பாரு, ஓரத்துல உன் படம் தெரியுதே, அதை அமுக்கினா ‘லொகேஷன் ஷேரிங்’னு வரும். நீ எங்க நிக்குறேன்னு இன்னொருத்தருக்குக் காட்டுறது. ஒரு மணி நேரத்துக்கு வைக்கலாம், ஒரு நாளைக்கு வைக்கலாம். உன் போன்ல ‘நிறுத்துற வரைக்கும்’னு வச்சிருக்கு. நீ வச்சியா?

— இல்லை.

— நல்லா யோசிச்சுச் சொல்லு. கூட வேலை பாக்குறவங்க யாராவது, பத்திரமாப் போயிட்டியான்னு பாக்க...

— இல்லைக்கா. நான் வைக்கலை. யாருக்குப் போகுது அது? அவனுக்கா?

— எவனுக்கு?

— விடுங்க தாயே, வீட்டு விஷயம். ஏண்டி, கடையில வச்சு இதெல்லாம் பேசணுமா?

— பேசணும்மா. என் வீட்டுக்காரன்க்கா. வீட்டை விட்டு வந்து அஞ்சு மாசம் ஆச்சு. முதல்ல கூட வேலை பாக்குறவ ரூம்ல இருந்தேன். கண்டுபிடிச்சான். லேடீஸ் ஹாஸ்டலுக்குப் போனேன், யாருக்குமே சொல்லலை. மூணாவது வாரம் கேட்டுக்கு வெளிய நின்னான். இப்ப ஒரு மாடி ரூம். நேத்துத் தெருமுனையில அவன் வண்டி நிக்குது. சிம்மை மாத்தினேன், பழைய நம்பரை ஒடைச்சுப் போட்டேன், பேஸ்புக்கை மூடினேன். அப்படியும் எப்படித்தான் மோப்பம் பிடிக்கிறான்னே தெரியலை.

— சிம்மை மாத்தினா நம்பர்தான் மாறும். மேப்பு நம்பரைப் பாக்காது, கணக்கைப் பாக்கும். போன்ல நீ ஏத்தி வச்சிருக்கிற மெயில் கணக்கு பழசுதானே?

— ஆமா.

— அதான். வீட்டை மாத்திட்டுச் சாவியைப் பழைய ஆள்கிட்டயே விட்டுட்டு வந்த கதை. எப்பலேர்ந்து சூடாகுது?

— ஹாஸ்டலுக்கு மாறுறதுக்குக் கொஞ்சம் முன்னாடி. தோழி ரூம்ல கடைசி வாரம்.

— சரி, யாருக்குப் போகுதுன்னு பாப்போம். பேரு முழுசா இல்லை. ஒரு பூ படம் மட்டும் இருக்கு. சிவப்புச் செம்பருத்தி. இது அவரோடதா?

— செம்பருத்தியா?

— பாரு. பின்னாடி பச்சை வாளி தெரியுது.

— அம்மா.

— என்னடி?

— உன் போனைக் குடு.

— அது எதுக்கு இப்ப? சார்ஜ் இல்லை அதுல.

— அந்தப் பூ நம்ம வீட்டுப் பின்பக்கம் பூத்தது. நான்தான் படம் எடுத்து உன் போன்ல வச்சேன். குடும்மா.

— கத்தாதே. தர்றேன். தர மாட்டேன்னா சொன்னேன்?

— பெரியம்மா, நீங்களா வச்சீங்க?

— வச்சேன். ஆமா, நான்தான் வச்சேன். இப்ப என்ன கொலையா பண்ணிட்டேன்? வீட்டை விட்டுக் கிளம்பினப்ப பதினோரு நாள் இவ எங்க போனான்னே தெரியாம இருந்தேன் தாயே. ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாப் போய், அடையாளம் தெரியாம கொண்டாந்து போட்ட பொம்பளைங்களோட முகத்துணியை விலக்கிப் பாத்தவ நான். ஒவ்வொரு தடவையும் இவளா இருக்கக் கூடாதுன்னு கண்ணை மூடிக்கிட்டேதான் விலக்கினேன். அதைப் பட்டவளுக்குத்தான் தெரியும்.

— அதுக்காக என் போன்ல...

— மாப்பிள்ளைதான் சொல்லிக்குடுத்தாரு. ‘எனக்கு அவ எங்க இருக்கான்னு தெரியவே வேணாம் அத்தை, நீங்க மட்டும் பாத்துக்கிட்டாப் போதும், உங்களுக்கு நிம்மதி’ன்னாரு. எவன் சொல்லுவான் அப்படி? உன் தோழி ரூமுக்கு வந்திருந்தேன்ல, நீ குளிக்கப் போனே. அவரு போன்ல சொல்லச் சொல்ல நான் அமுக்கினேன். அவ்வளவுதான்.

— லாக் எப்படித் திறந்தே?

— நீ பொறந்த வருஷம். எனக்குத் தெரியாதா?

— பொறந்த வருஷத்தை வைக்காதீங்கன்னு இந்தக் கடையில நான் தலைபாடா அடிச்சுக்குறேன். சரி, அப்புறம்?

— அப்புறம் என்ன, ஒரு புள்ளி வந்துச்சு. காலையில புள்ளி கிளம்பும். பஸ்ஸுல ஊர்ந்து போகும். வேலை பாக்குற எடத்துல போய் நிக்கும். சாயங்காலம் திரும்பும். அது ரூமுக்குள்ள வந்து நின்னாத்தான் எனக்குச் சோறு எறங்கும். அவருகிட்ட நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை. என் கண்ணாணை. கேட்டதும் இல்லை அவரு.

— கேக்கவே இல்லையா?

— ‘நல்லா இருக்காளா அத்தை’ன்னு மட்டும் கேப்பாரு. மனுஷன் மாறிட்டாருடி. என் வீட்டு வாசப்படியில உக்காந்து ஒரு மணி நேரம் அழுதாரு. ஆம்பளை அப்படி அழுது நான் பாத்ததில்லை. நீயும் ஒரு அடி எறங்கி வந்தா என்னவாம்?

— அம்மா, இந்த மணிக்கட்டைப் பாரு.

— ஹாஸ்டல் படியில வழுக்கி விழுந்தது. கட்டு போட்டப்ப நான்தானே சோறு ஊட்டினேன்.

— வழுக்கலை. ஹாஸ்டல் கேட்டுக்கு வெளிய நின்னான்னு சொன்னேன்ல, அன்னைக்குத்தான். கையைப் பிடிச்சான். பாக்குறவங்களுக்கு என்னமோ கை கோத்துக்கிட்டு நிக்கிற மாதிரி இருந்திருக்கும். முறுக்கிக்கிட்டே இருந்தான். உள்ள எலும்பு முறிஞ்சது எனக்குக் காதுல கேட்டுச்சும்மா. அவன் குரலை ஒசத்தவே இல்லை. ‘வீட்டுக்கு வா, அம்மா தேடுறாங்க’ன்னு மெதுவாத்தான் சொல்லிக்கிட்டிருந்தான். வாட்ச்மேன் வந்துட்டாரு, அதனால விட்டான்.

— என்கிட்ட ஏண்டி சொல்லலை?

— சொன்னா நம்பியிருப்பியா?

— நம்பாம...

— முதல் தடவை சொன்னப்ப என்ன சொன்னே? ‘கோபக்காரர், சரியாயிடுவாரு’ன்னே. ரெண்டாம் தடவை ‘நீ என்ன பேசினே’ன்னு கேட்டே. மூணாம் தடவை எனக்குச் சொல்லத் தோணலை.

— ரெண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துங்க. பெரியம்மா, இந்தப் போன் உங்களுக்கு யாரு வாங்கிக் குடுத்தது?

— மாப்பிள்ளைதான். அவரே எல்லாம் ஏத்திக் குடுத்தாரு. எனக்கு என்ன தெரியும் இதுல.

— பாஸ்வேர்டும் அவரே போட்டதுதான்?

— அது என்னமோ போட்டாரு.

— இங்க வாங்க, பாருங்க. கணக்குக்குள்ள ‘உங்கள் சாதனங்கள்’னு ஒரு பக்கம் இருக்கு. உங்க கணக்கு எந்தெந்தப் போன்ல திறந்திருக்குன்னு காட்டும். எல்லாருமே மாசத்துக்கு ஒருக்கா பாக்க வேண்டிய பக்கம், ஒருத்தரும் பாக்கறதில்லை. உங்க கணக்கு ரெண்டு போன்ல திறந்திருக்கு. ஒண்ணு உங்க கையில இருக்கிறது. இன்னொண்ணு இது. இது உங்களோடதா?

— இல்லையே. எனக்கு ஏது ரெண்டு போன்?

— அது அவன் போன்மா. அந்த மாடல்தான் வச்சிருக்கான்.

— அப்ப நீங்க பாக்குற புள்ளியை அவரும் பாக்குறாரு பெரியம்மா. உங்ககிட்ட ஏன் கேக்கணும் அவரு? நீங்க சோறு சாப்பிட உக்காந்த அதே நேரத்துல அவரும் பாத்துக்கிட்டுத்தான் இருந்திருக்காரு.

— இல்லை. அப்படி இருக்காது. நான் மட்டும்தான்னு... அவரு அப்படித்தானே சொன்னாரு.

— கடைசியா எப்ப திறந்ததுன்னும் போட்டிருக்கு. இப்பத்தான்.

— இப்பன்னா?

— இப்பன்னா இப்ப. நாம பேசிக்கிட்டிருக்கிறப்ப. இருங்க, உங்களுக்கு மெசேஜ் வருது. நீங்களே படிங்க.

— கண்ணாடி கொண்டாரலை. என்னன்னு வாசி தாயே.

— ‘அத்தை, அந்த ரிப்பேர் கடைக்குப் பின்னாடி வழி இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க. அவகிட்ட காட்டிக்காதீங்க. பத்து நிமிஷத்துல வந்துடுவேன்.’

— ரிப்பேர் கடைன்னு நான் சொல்லலையே. காலையிலேர்ந்து அவருகிட்ட நான் பேசவே இல்லையே.

— அக்கா, அணைங்க. அந்த ஷேரிங்கை நிறுத்துங்க. சீக்கிரம்!

— தொடாதே! கையை எடு. இப்ப அணைச்சா புள்ளி கடைசியா நின்ன எடம் என் கடைதான். நீ கண்டுபிடிச்சுட்டேன்னும் அவருக்குத் தெரிஞ்சுபோகும். பத்து நிமிஷத்தை அஞ்சு நிமிஷமாக்கிட்டு வந்து நிப்பாரு. முதல்ல எல்லாத்தையும் என் போன்ல படம் பிடிச்சுக்குறேன். ஷேரிங், ரெண்டாவது போன், இந்த மெசேஜ். மணியும் தேதியும் தெரியுற மாதிரி. நாளைக்கு எவன் கேட்டாலும் வாய்ப்பேச்சு நிக்காது, இது நிக்கும்.

— போலீசு?

— இதோ போடுறேன்... ஹலோ, ஆமா, பஸ் ஸ்டாண்டு எதிர்ல, மாடிப்படிக்குக் கீழ மொபைல் ரிப்பேர் கடை. ஒரு பொண்ணோட கையை முறிச்ச ஆளு இங்க வந்துக்கிட்டிருக்காரு. ஆமா, புருஷன்தான். அதனால என்ன? ...சரி. அனுப்புறேன்னு சொல்றாங்க. எப்பன்னு சொல்லலை.

— அவங்க வர்றதுக்குள்ள அவன் வந்துடுவான்க்கா.

— பின்வழி இருக்கு. பின்னாடி ஒட்டியிருக்கிற ஜெராக்ஸ் கடைக்குள்ள நுழைஞ்சா சந்து, சந்து முடிஞ்சா என் வீடு. ஆனா இந்தப் போன் உன் கையில இருந்தா என் வீடும் அவருக்குத் தெரிஞ்ச வீடாயிடும். முக்கியமான நம்பரைப் பேப்பர்ல எழுதிக்க. போனை இங்கயே வச்சுட்டுப் போ. வீட்டுல கம்ப்யூட்டர் இருக்கு, அதுல உனக்குப் புதுக் கணக்கு திறக்கலாம். பழைய கணக்கோட பாஸ்வேர்டை அங்கேர்ந்தே மாத்தி, எல்லாப் போன்லேர்ந்தும் வெளியேத்திடலாம். அவசரப்பட்டு இந்தப் போன்லயே மாத்தாதே.

— போனை இங்க வச்சா? உங்க கடைக்கு வருவானே. நீங்க தனியா...

— ஷட்டரை இழுத்து விட்டுக்குறேன். வாயாடி ஒருத்தியை அவரு இன்னும் பாத்ததில்லையே.

— தாயே, ஒண்ணு கேக்கட்டுமா?

— சீக்கிரம் கேளுங்க பெரியம்மா.

— பின்னாடி வழி எதுக்குக் கேக்கணும்? பொண்டாட்டியைக் கூப்பிட வர்ற ஆளு முன்வாசல்ல வந்து கூப்பிட்டாப் போதாதா?

— அதை நீங்கதான் சொல்லணும்.

— அணைச்சா, நின்ன எடத்தைக் காட்டும்னே. அணைக்காம நகர்ந்தா?

— நகர்ற எடத்தைக் காட்டும்.

— பஸ்ஸுல போனா?

— பஸ்ஸுலயும்தான். சிம் உள்ள இருக்கணும், நெட் ஓடிக்கிட்டு இருக்கணும். ஏன் கேக்குறீங்க?

— அந்த மெசேஜுக்குப் பதில் போடு. நான் சொல்றேன், நீ அடி. ‘பின்வழி இல்லை. வேலை முடிஞ்சது, கிளம்பிட்டோம். பஸ் ஏறப் போறோம்.’ போட்டியா?

— அம்மா, என்ன பண்றே?

— உன் லாக் நம்பரை மாத்திக் குடு. நான் பொறந்த வருஷம், நீ பொறந்த வருஷம் எதுவும் வேணாம். எனக்கும் சொல்லாதே. பிடுங்கினாலும் திறக்க முடியக் கூடாது.

— மாத்திட்டேன். ஆனா நீ போக வேணாம்மா. எனக்குப் பதிலா உன்னைப் பாத்தா என்ன செய்வான்னு உனக்குத் தெரியாது.

— தெரியலைதான். ரெண்டு தடவை நீ சொல்லியும் எனக்குத் தெரியலை. தாயே, இவளைக் கூட்டிக்கிட்டுப் பின்பக்கமாப் போ. சாயங்காலத்துக்குள்ள அந்தக் கணக்கையெல்லாம் மூடிடு, என்னோடதையும் சேத்து.

— அம்மா...

— குடுடி போனை. அவன் வரட்டும், கடைசி ஸ்டாப்பு வரைக்கும் அந்தப் புள்ளி நான்தான்.