மச்சினன் வண்டி மேடு ஏறிய விதம்

டயரில் காற்று கொஞ்சம் குறைவாக இருந்தால்தான் சைக்கிள் மேடு ஏறும். இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை சார். கல்லு மாதிரி அடிச்சுக் கொடுங்க என்றுதான் எல்லாரும் கேட்பார்கள். சமதரைக்கு அது சரி. ஏற்றத்தில் டயர் கொஞ்சம் அமுங்கி, ரோட்டை உள்ளங்கையால் பிடிக்கிற மாதிரி பிடிக்க வேண்டும். உங்கள் ஸ்டேஷன் வாசலில் நிற்கிற சைக்கிளிலும் காற்று அதிகம். போகும்போது பார்த்துத் தருகிறேன்.

என் மச்சினனுக்கும் இது தெரியாது. மனைவியின் தம்பி. ஒரு பேட்டரி சைக்கிளை வாங்கிக்கொண்டு கடைக்கு வந்து நின்றான். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டு வாங்கியிருந்தால் அந்த வண்டியை வாங்க விட்டிருக்க மாட்டேன்.

"மேட்டு வீடுங்களுக்கு பார்சல் கொண்டு போற வேலை கெடைச்சிருக்கு மாமா. இந்தச் சனியன் பாதியிலயே மூச்சு வாங்குது. ரோடு நனைஞ்சிருந்தா பின்சக்கரம் சும்மா சுத்துது, வண்டி நின்ன எடத்துலயே நிக்குது."

"உன்ன மாதிரிதான் இருக்கும் உன் வண்டியும்" என்றேன். சிரித்தான். நாங்கள் அப்படித்தான் பேசிக்கொள்வோம். அவனை என் கூடப் பிறந்தவனாகத்தான் நினைத்திருந்தேன். இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

மோட்டார் பின்சக்கரத்துக்குள்ளேயே இருக்கிற வண்டி அது. ஏற்றத்தில் சூடேறி முனகும். அதைக் கழற்றிவிட்டுப் பெடலுக்கு நடுவில் வேறு மோட்டார் வைத்தேன். அப்போதுதான் மோட்டாரின் பலம் செயின் வழியாகப் போகும், கியரைக் குறைத்து மெதுவாக இழுக்க முடியும். முன்னால் இருந்த பெரிய பல்சக்கரத்தை எடுத்துவிட்டுச் சின்னது போட்டேன். கேரியர் மேல் இருந்த பேட்டரியைக் கீழே இறக்கச் சொன்னான். பார்சல் வைக்க இடம் வேண்டுமாம். இறக்கினேன். கடைசியாகப் பின்னால் ஒரு பட்டன் டயர், கட்டை கட்டையாக ரப்பர் துருத்திக்கொண்டிருப்பது. சேறு அடைக்காமல் இருக்க, அதன் ஓரத்துக் கட்டைகளை ஒன்றுவிட்டு ஒன்று பிளேடால் நானே சீவினேன். அந்த மாதிரி டயர் வேறு எங்கேயும் கிடையாது.

ஏறிப் பார்த்துவிட்டு வந்து என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். "லிஃப்ட்ல போற மாதிரி இருக்கு மாமா."

எங்கள் வீடும் மேட்டில்தான், கடைசி வளைவைத் தாண்டி. நான்தான் அங்கே வீட்டை மாற்றினேன். அதற்குமுன் டவுனுக்குள் இருந்தோம். மனைவி ஒரு தையல் கடைக்கு வேலைக்குப் போனாள். கடைக்கு வருகிற போகிற எல்லாரிடமும் சிரித்துப் பேசுவாள். அது அவளுக்கே அலுப்பாக இருந்திருக்க வேண்டும், ராத்திரியில் என்னிடம் பேச அவளிடம் ஒன்றும் மிச்சமிருக்காது. மேட்டில் காற்று நல்ல காற்று. பக்கத்தில் வீடு கிடையாது. பஸ் காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. இரண்டிலும் நான்தான் போய் வருவேன். போனைப் பார்த்துப் பார்த்து அவளுக்குத் தலைவலி வந்ததால் போனை நான் வாங்கி வைத்துக்கொண்டேன். தரை வழவழவென்று இருக்கும் வீடு, செருப்புக்கு அங்கே வேலையில்லை. அதனால் அவள் செருப்பைத் தினமும் என் சாப்பாட்டுப் பையில் போட்டுக் கடைக்கு எடுத்து வந்துவிடுவேன். ஒரு நாளும் நான் அவளைக் கை நீட்டி அடித்ததில்லை. விசாரித்துப் பாருங்கள்.

மச்சினன் ஆரம்பத்தில் கேட்டான், "அக்காவ ஏன் மாமா யாருமே பாக்க முடியல?" என்று. அவளுக்கு உடம்பு முடியவில்லை, ஆள் வந்தால் படபடப்பு வந்துவிடுகிறது என்றேன். தலையை ஆட்டினான். அப்புறம் கேட்கவில்லை. புரிந்துகொண்டான் என்றுதான் நினைத்தேன்.

மழைக்காலம் ஆரம்பித்தபோது ஒருநாள் கடையில் உட்கார்ந்திருந்தவன் சும்மா கேட்கிற மாதிரி கேட்டான்: "மாமா, பின்னாடி ஒரு ஆள் உக்காந்தா வண்டி தாங்குமா?"

"ஏறும்போது நல்லதுதான். பின்சக்கரத்துல வெயிட் இருந்தா பிடிப்பு கூடும்."

"எறங்கும்போது?"

"அப்ப ஜாக்கிரதையா இருக்கணும். வண்டி தள்ளிக்கிட்டுப் போகும். யாரு உக்காரப் போறா?"

"சும்மாதான் கேட்டேன் மாமா."

அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது தூறல் விட்டிருந்தது. கொல்லைப்பக்கம் கை கழுவப் போனேன். சமையலறை ஜன்னலுக்குக் கீழே, ஈர மண்ணில், டயர் தடம். ஓரத்தில் ஒன்றுவிட்டு ஒன்று கட்டை இல்லாத தடம்.

குனிந்து பார்த்தேன். தடம் ஜன்னல்வரை வந்து, திரும்பி, மறுபடியும் வந்திருந்தது. பல நாள் வந்து போயிருக்கிறான். என் கையால் சீவிய டயரில், நான் வைத்த மோட்டாரில், நான் ஏற்றிவிட்ட மேட்டில் ஏறி வந்து, என் தலையிலேயே மிளகாய் அரைத்திருக்கிறான்.

சாப்பாடு போடும்போது கேட்டேன், "இன்னிக்கு யாராவது வந்தாங்களா?"

"இங்க யாரு வருவா?" என்றாள். முகம் தெளிவாக இருந்தது. அவள் முகம் அப்படித் தெளிந்து நான் வெகுநாளாகப் பார்க்கவில்லை. அதுதான் எனக்கு மிகவும் வலித்தது. இத்தனை நாள் நான் கூடவே இருந்து பார்த்துக்கொண்டும் வராத தெளிவு, இரண்டு பேரும் சேர்ந்து என்னை ஏமாற்றியதில் வந்திருந்தது.

நான் எதையும் காட்டிக்கொள்ளவில்லை.

மறுவாரம் அவன் வண்டியைக் கொண்டுவந்து விட்டான். "நாளைக்குக் கொஞ்சம் தூரமாப் போகணும் மாமா. எல்லாத்தையும் ஒரு தடவை பாத்துடுங்க." சொல்லிவிட்டு டீ வாங்கப் போனான். கேரியர் பையில் ஒரு ஜோடி புதுச் செருப்பு இருந்தது. கட்டிய பெண்டாட்டியின் கால் அளவு எனக்குத் தெரியாதா.

ஏதாவது மனத்தாங்கல், சண்டை என்றால் நேராக வந்து கேட்டிருக்கலாம். அக்காவைக் கூட்டிக்கொண்டு போகிறேன் மாமா என்று சொல்லியிருக்கலாம். நான் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன், ஆனால் அது வேறு விஷயம். சொல்லாமல், என்னிடமே வண்டியைக் கொடுத்துத் தயார் பண்ணச் சொன்னான்.

நான் கொடுத்ததைத் திரும்ப எடுத்துக்கொண்டேன், அவ்வளவுதான். பட்டன் டயரைக் கழற்றிவிட்டு மூலையில் கிடந்த மொட்டை டயரை மாட்டினேன். காற்றைக் கல்லு மாதிரி அடித்தேன். அந்த மாதத்தில் மழை மதியத்துக்கு மேல்தான் வரும். காலையில் காய்ந்த ரோட்டில் மொட்டை டயரும் ஏறிவிடும். அவன் டீயோடு வந்தான், எனக்கும் ஒன்று கொடுத்தான், குடித்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனான். டயரைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை. நான் பார்த்துக் கொடுத்த வண்டியை அவன் திரும்பப் பார்க்க மாட்டான்.

நீங்கள் பிரேக்கைப் பற்றிக் கேட்கிறீர்கள். ஆமாம், முன் பிரேக் கம்பியையும் தளர்த்திவிட்டேன். சமதரையில் பின் பிரேக்கே போதும், முன் பிரேக் பிடிக்காதது தெரியாது.

அடுத்த நாள் மழை கொஞ்சம் முன்னாலேயே வந்துவிட்டது. இறங்கும்போது, மேலிருந்து இரண்டாவது வளைவில், தடுப்புச் சுவரில் மோதியிருக்கிறார்கள். போய்ப் பார்த்தபோது மச்சினனுக்கு உயிர் இல்லை. விழுந்து கொஞ்ச நேரம் பேசியிருக்கிறான். சுற்றி நின்றவர்களில் லாரிக்காரர் ஒருவர், நான்தான் அந்த மாமா என்று தெரியாமல், என்னிடம் வந்து, "மாமாவுக்கு மட்டும் சொல்லிடாதீங்கன்னு கெஞ்சினான்யா, பாவம், வண்டி போச்சே, மாமா திட்டுவாருன்னு பயந்துட்டான் போல" என்றார். அவருக்கு என்ன தெரியும். கடைசி மூச்சிலும் அவன் என்னை அந்நியனாக்கிவிட்டுத்தான் போனான். அவனுக்காக நான் அழுதேன். அது நடிப்பு இல்லை.

அவளும் பின்னால் இருப்பாள் என்று எனக்குத் தெரியுமா என்று மூன்றாவது தடவையாகக் கேட்கிறீர்கள். தெரியும் சார். பின்னால் ஆள் இருக்கும் என்று வைத்துத்தான் காற்றையே அடித்தேன்.

அவளுக்கு இடுப்பிலும் ஒரு காலிலும் முறிவு. ஆஸ்பத்திரியில் ஒரு வார்த்தை பேசவில்லை. அதிர்ச்சி என்றார் டாக்டர். வீட்டுக்குக் கூட்டி வந்து எல்லாம் நானேதான் செய்கிறேன். தூக்கி உட்கார வைப்பது, தலை வாரி விடுவது, ஊட்டுவது. கல்யாணமான புதிதில்கூட நாங்கள் இவ்வளவு நேரம் சேர்ந்து இருந்ததில்லை. நான் ஸ்பூனை நீட்டினால் வாயைத் திறக்கிறாள். சண்டையே கிடையாது. இப்போதுதான் அவளுக்கு என் அருமை தெரிந்திருக்கிறது.

அதனால் எதில் கையெழுத்துப் போட வேண்டுமோ சொல்லுங்கள், போட்டுவிடுகிறேன். மதிய மாத்திரைக்கு நான் வீட்டில் இருக்க வேண்டும். கதவை வெளியே பூட்டிவிட்டு வந்திருக்கிறேன், சாவி என்னிடம்தான். நீங்கள் யாரையும் அனுப்ப வேண்டாம் சார். வேறு ஆள் முகத்தைப் பார்த்தால் அவள் அழுதுவிடுவாள்.