பதினோரு பக்க முட்டாள்

— 'முட்டாள்'ங்கற வார்த்தையை மட்டும் எடுத்துடேன், வில்லர்ட். மூணு மணித் தபால்ல உன் புதுப் புத்தகத்தோட புரூஃப் பாஸ்டன் அச்சகத்துக்குப் போகுது. அச்சேறிட்டா அப்புறம் மாத்த வழியில்ல.

— எடுக்க மாட்டேன், ஹெட்டி. பதினோரு பக்கம் அந்த ஆளைப் பிழிஞ்சு காயப்போட்டிருக்கேன். என் அஞ்சு புத்தகத்துலயும் இதுதான் உச்சம். நீ பேசாம கடைசிப் பக்கத்துப் பெயர்ப்பட்டியலை முடி.

— முடிக்கத்தானே கேக்கறேன்? யாரு அந்த ஆளு? எந்தப் பேர்ல போடட்டும்?

— அதான் தெரியல. பழைய குறிப்பு அட்டை ஒண்ணுல அந்த ஆள் சொன்ன வரி என் கையெழுத்துல கிடந்துச்சு. யார் சொன்னதுன்னு குறிக்க மறந்துட்டேன்.

— இதையே உன் மாணவன் செஞ்சா ஃபெயில் போடுவே.

— நான் மாணவன் இல்லையே! 'பெயர் சொல்லத் தகுதியற்ற ஒருவர்'னு எழுதிட்டேன். எப்படி, கம்பீரமா இல்ல?

— அப்படி என்னதான் சொல்லிட்டார் பாவம்?

— கேளு. 'அமெரிக்க அரசியல் சிந்தனை தத்துவ நூல்களில் பிறக்கவில்லை. யார் மாடு யார் சோளத்தை மேய்ந்தது என்று ஊர்க்கூட்டத்தில் போட்ட சண்டையில் பிறந்தது.' மாடு, ஹெட்டி! நம்ம குடியரசுக்கு மாடு தாயாம்!

— எனக்கென்னவோ நல்லாத்தான் படுது.

— படும், படும். நீ பட்டியல் போடறவ. சிந்திக்கறது வேற வேலை.

— சரிங்க பேராசிரியரே. அப்போ இந்தப் பழைய புத்தகத்தைக் கொஞ்சம் பாருங்க. எண்பத்தெட்டாம் பக்கம், மேலேருந்து மூணாவது வரி.

— மாடு... சோளம்... ஊர்க்கூட்டம்... அட, அதே வரி! யாரோட புத்தகம் இது?

— அட்டையைத் திருப்பு.

— கடவுளே! இது என் முதல் புத்தகம்!

— மெதுவா, மெதுவா. புரூஃப் மேல காப்பியைக் கொட்டாதே.

— இரு. இன்னொரு தடவை படிக்கறேன். 'யார் மாடு யார் சோளத்தை...' அடடா! என்ன துணிச்சல்! முப்பது வயசுல இப்படி ஒரு வரி எழுத எவனுக்கு வரும்?

— முட்டாளுக்கு?

— வாயைக் கழுவு! அந்தப் பதினோரு பக்கத்தையும் அடிச்சுத் தள்ளு. வயசாகி என் புத்திதான் மழுங்கிப்போச்சு. இது மேதையோட எழுத்து, ஹெட்டி. சந்தேகமே வேண்டாம், மேதை!

— உன் வாயால இதைக் கேக்க முப்பது வருஷம் ஆச்சு. இந்தப் புத்தகம் எழுதின வசந்தத்துல உனக்கு அம்மைக்கட்டு, வில்லர்ட். கன்னம் ரெண்டும் வீங்கி மூணு வாரம் படுத்துக் கிடந்தே. பதிப்பாளர் நெருக்கினார்னு அந்த மாடு வர்ற அத்தியாயத்தை உட்கார்ந்து எழுதினது நான்.