ஐந்துக்குக் குறைவாய் ஒருவன்

சுமன்: தோளில கை வைக்காத! வைக்காதையெடி... ஆ...

மேனுகா: ஒரு விரலாலதானே அண்ணை தொட்டனான்.

சுமன்: ஒரு விரல் காணும். விடிய நாலு மணியில இருந்து கண்டெய்னர் இறக்கினது. வெங்காயம். கழுத்தில இருந்து முழங்கை வரைக்கும் கம்பி ஏத்தினமாதிரிக் கிடக்கு.

மேனுகா: பிறகேன் கொட்டாஞ்சேனையில இருந்து பஸ்ஸில தொங்கிக்கொண்டு வந்தனீங்கள்? ஒரு ஓட்டோ பிடிச்சிருக்கலாம்.

சுமன்: ஓட்டோவில வந்திறங்க நான் என்ன மாப்பிள்ளையோ? உடன வெள்ளவத்தைக்கு வாங்கோ எண்டு போன் எடுத்தது நீ. அழுறமாதிரிக் குரல். சொல்லு, ஆர் செத்தது?

மேனுகா: ஒருத்தரும் சாகேல்ல.

சுமன்: அப்ப வேலை போட்டுதோ?

மேனுகா: உங்கட வாயில நல்லது ஒண்டும் வராதோ? இருங்கோவன் முதல்ல. அய்யே, ப்ளேன்டீ தெகக்! ரெண்டு தேத்தண்ணி சொல்லிட்டன். ரோல்ஸ் சாப்பிடுறியளோ?

சுமன்: ரெண்டு எடு. அது என்ன கையில?

மேனுகா: இதுக்குத்தான் கூப்பிட்டனான். பாருங்கோ.

சுமன்: இங்கிலீசு. கண்ணாடி கொண்டரேல்ல நான்.

மேனுகா: கண்ணாடி இருந்தாலும்...

சுமன்: ஓமடி, இருந்தாலும் வாசிக்கத் தெரியாது. நக்கலை விட்டுட்டுச் சொல்லு.

மேனுகா: இது இங்கிலாந்துப் பாராளுமன்றத்தில கேட்ட ஒரு கேள்வி. கீழ இருக்கிறது அமைச்சரின்ர பதில்.

சுமன்: அதுக்கு நான் ஏன் அரைநாள் சம்பளத்தை விட்டுட்டு வரவேணும்?

மேனுகா: பொறுங்கோ. என்ர வேலை என்னெண்டாவது தெரியுமோ உங்களுக்கு?

சுமன்: கொம்பியூட்டர். உன்ர அண்ணி கௌரி கேட்டாலும் அப்பிடித்தான் சொல்லுறனான்.

மேனுகா: ஆறு வருசமாப் போச்சு, கொம்பியூட்டராம்... கேளுங்கோ. அங்கத்தைய எம்.பி.மார் எழுத்தில கேள்வி குடுப்பினம். அமைச்சர் எழுத்தில பதில் குடுக்கவேணும். ஒவ்வொண்டுக்கும் நம்பர், திகதி, பதில் சொன்னவற்ற பேர். எல்லாம் இன்டர்நெட்டில, ஆரும் பாக்கலாம். எங்கட ஒஃபிஸ் அதை எடுத்து, இது ஆஸ்பத்திரி, இது ரோட்டு, இது மீன் எண்டு பிரிச்சு அங்கத்தைய கம்பனிகளுக்கு அனுப்புது. ஒரு நாளைக்கு நூற்றைம்பது கேள்வி என்ர தலையில.

சுமன்: நூற்றைம்பதோ? அப்பிடி என்னத்தை உந்தச் சனம் கேக்குது?

மேனுகா: என்னத்தைக் கேக்கேல்ல எண்டு கேளுங்கோ. ஒரு ஊர்ப் பாலத்தில எத்தனை ஆணி துருப்பிடிச்சது. எத்தனை பள்ளிக்கூடத்தில கூரை ஒழுகுது. ஒரு அமைச்சில எலி பிடிக்கிறதுக்கு எத்தனை பூனை வச்சிருக்கு...

சுமன்: சும்மா இரு.

மேனுகா: உண்மையா. ரெண்டாம். ஒண்டுக்கு வயசு போட்டுதாம், இனி எலி பிடிக்காதாம்.

சுமன்: அதையும் அமைச்சரோ சொன்னவர்?

மேனுகா: பேரோட.

சுமன்: எங்கட லேன் வடிகானைப் பற்றி ஏழு வருசமாக் கேக்கிறன். நான் போய்க் கேட்ட மாநகரசபை ஆள் ஒரு கல்யாண வீட்டில என்னைப் பாத்துச் சிரிச்சவர். அதுதான் பதில்... அங்க சொல்லாட்டி என்ன செய்வினம்?

மேனுகா: திருப்பிக் கேப்பினம். ஏன் இன்னும் பதில் வரேல்ல எண்டு அதுக்கும் ஒரு கேள்வி போடுவினம்.

சுமன்: பொய் சொன்னால்?

மேனுகா: பொய்யை விடுங்கோ, பிழை சொன்னாலே திருத்தவேணும். போன மாசம் ஒரு அமைச்சர் உழவு மெசின் நாற்பத்தொண்டு எண்டு சொல்லிப்போட்டார். நாற்பத்துநாலாம். நான் சொன்னது பிழை, சரியான கணக்கு இது எண்டு பேரைப் போட்டுத் திருத்தினவர்.

சுமன்: ... மூண்டு உழவு மெசினுக்கோ?

மேனுகா: மூண்டு உழவு மெசினுக்கு.

சுமன்: மூட்டை தூக்கிற எங்கட செட்டில பதினாலு பேர் இருந்தம் மேனு. ஆறு பேர் முதுகு போய் வீட்டில. எத்தனை பேர் எண்டு ஒருத்தன் கேட்டிருப்பானோ? கேட்டால் சொல்லவேணும் எண்டு ஒரு நாடு... அட...

மேனுகா: வாயை மூடுங்கோ அண்ணை, ஈ போகப்போகுது.

சுமன்: போகட்டும். எல்லாத்துக்கும் நேராச் சொல்லுவினமோ?

மேனுகா: எங்க! நழுவுறதிலயும் வித்தைக்காரர்தான். அந்தத் தகவல் ஒரே இடத்தில சேர்த்து வைக்கப்படேல்ல எண்டுவினம். தேடி எடுக்கிற செலவு கட்டாது எண்டுவினம். உரிய காலத்தில அறிவிப்பம் எண்டுவினம்.

சுமன்: இது நல்லாக் கிடக்கு. ஏன் பிந்தி வந்தனீங்கள் எண்டு கௌரி கேட்டால், அந்தத் தகவல் ஒரே இடத்தில சேர்த்து வைக்கப்படேல்ல.

மேனுகா: அண்ணி அகப்பையால சேர்த்து வைப்பா.

சுமன்: ஹா... ஆ, சிரிச்சாலும் இழுக்குது. சரி, இந்தப் பேப்பரில என்ன பூனை?

மேனுகா: பூனை இல்லை. பழம் பிடுங்கிற வேலை. தேத்தண்ணியைக் குடியுங்கோ. ஆறுது.

சுமன்: தம்பி பிரியந்தன்ர விசயமோ?

மேனுகா: வாசிக்கிறன், கேளுங்கோ. பழத்தோட்டத்தில வேலை செய்யிற விசாவில வந்து, தங்கட நாட்டுக்குத் திரும்பிப் போக உதவி கேட்டு, இன்னும் காத்திருக்கிறவை எத்தனை பேர்? நாடு வாரியாச் சொல்லவும். இவ்வளவுதான் கேள்வி. பதில், ஒரு அட்டவணை. கிர்கிஸ்தான் நூற்றிப் பன்னிரண்டு. நேபாளம் முப்பத்தொண்டு. இந்தோனேசியா சைபர். இலங்கை...

சுமன்: இலங்கை?

மேனுகா: நீங்களே பாருங்கோ. இலக்கம் வாசிப்பியள்தானே.

சுமன்: இலக்கம் ஒண்டும் இல்லையே. பூச்சி ஒட்டினமாதிரி என்னவோ கிடக்கு. பிரிண்டர் துப்பினதோ?

மேனுகா: அது ஸ்டார் குறி. கீழ சின்ன எழுத்தில விளக்கம் இருக்கு. அஞ்சுக்குக் குறைவா ஆக்கள் எண்டால் எத்தனை பேர் எண்டு போடமாட்டினம். போட்டால் ஆர் எண்டு ஆராவது கண்டுபிடிச்சிடுவினமாம். அதால அந்த இடத்தில ஒரு குறி.

சுமன்: ஒருத்தருமே இல்லாட்டி?

மேனுகா: சைபர் போடுவினம். இந்தோனேசியாவுக்குப் போட்டிருக்கே.

சுமன்: அப்ப இது... சைபர் இல்லை.

மேனுகா: சைபர் இல்லை.

சுமன்: ஒண்டு. இல்லாட்டி ரெண்டு. மூண்டு, நாலு...

மேனுகா: நாலுக்கு மேல இல்லை.

சுமன்: பொறு. ட்ரெயின் போகட்டும், ஒண்டும் கேக்கேல்ல... இஞ்ச பார் மேனு, நான் ஆசைகாட்டிப் பேய்க்காட்டுற ஆள் இல்லை. இலங்கை எண்டால் கொட்டாஞ்சேனை மட்டுமில்லை. சிலாபத்தான் இருப்பான், வவுனியாக்காரன் இருப்பான். பழம் பிடுங்க எத்தனை பேர் போனவங்கள்.

மேனுகா: தெரியும். அவன் இல்லாமலும் இருக்கலாம்.

சுமன்: பிறகேன் போனில அழுதனீ?

மேனுகா: ரெண்டு வருசமா அவன் ஒரு கணக்கிலயும் இல்லை அண்ணை. தோட்டக்காரனிட்டக் கேட்டால் விட்டுட்டுப் போட்டான். ஏஜென்சியிட்டக் கேட்டால் போனை வைக்கிறான். நம்பர் வேலை செய்யேல்ல. செத்தவையின்ர கணக்கிலயும் இல்லை, இருக்கிறவையின்ர கணக்கிலயும் இல்லை. இண்டைக்குத்தான் அவன் நிக்கக்கூடிய ஒரு கட்டத்தைக் கண்டனான். இந்தாங்கோ, இவ்வளவு பெரிசு. என்ர நகத்தளவு.

சுமன்: ... தா அதை.

மேனுகா: கையைத் துடையுங்கோ, ரோல்ஸ் எண்ணெய்.

சுமன்: ஆர் எண்டு தெரிஞ்சிடும் எண்டு மறைச்சு வைக்கிறாங்கள். பேப்பரில கூட அவனை ஆரும் பிடிக்கக்கூடாதெண்டு... சொந்தச் சகோதரமே அவன் எங்க கிடக்கிறான் எண்டு தெரியாமல் இருக்க... ஒரு அமைச்சர்... உவங்களை என்னெண்டு சொல்லுறது?

மேனுகா: நானும் அதைத்தான் கனநேரம் பாத்துக்கொண்டிருந்தனான்.

சுமன்: ஆனா ஒண்டு எனக்கு விளங்கேல்ல. பழம் பிடுங்குறவன், வீட்ட போகக் கேட்டவன், நாடு வாரியா... எங்கட கதையை அளந்து தைச்சமாதிரி இருக்கு கேள்வி. அங்கத்தைய எம்.பிக்கு இதென்ன தலையிடி?

மேனுகா: கேக்கச் சொல்லி ஆரும் கேட்டிருப்பினம்.

சுமன்: ஆர்?

மேனுகா: அந்த ஊரில வோட்டு உள்ள ஆர் எழுதினாலும் எம்.பி. பாக்கவேணும்.

சுமன்: என்ர மூஞ்சையைப் பாத்துக் கதை. உதட்டைக் கடிக்காத. சின்னனில அம்மான்ர பவுடரைக் கொட்டிப்போட்டும் இப்பிடித்தான் கடிச்சுக்கொண்டு நிண்டனீ.

மேனுகா: ஜவாஹிறாவைத் தெரியும்தானே? என்னோட படிச்சவ. இப்ப அங்கதான் இருக்கிறா.

சுமன்: ஓம், பார்பர் வீதிப் பிள்ளை.

மேனுகா: அவதான் எம்.பிக்கு அனுப்பினவ. எழுதினது... நான்.

சுமன்: நீயோ?

மேனுகா: சத்தம் போடாதேங்கோ, எல்லாரும் பாக்கினம்.

சுமன்: பாக்கட்டும். நீ கேட்ட கேள்வியோ இது?

மேனுகா: என்ர சாப்பாட்டு நேரத்தில எழுதினது. பதினொரு தரம் மாத்தி எழுதினது. பேரைப் போட்டால், தனி ஆள் விசயம் கதைக்கமாட்டம் எண்டுவினம். எல்லா வருசத்துக்கும் கேட்டால் செலவு கட்டாது எண்டுவினம். விசா வகை, காத்திருக்கிறவை, நாடு, இவ்வளவும் போட்டால் நழுவ ஏலாது. ஆறு வருசமா அவையள் நழுவினதைப் பிரிச்சு அடுக்கினது நான்தானே. எந்தெந்தச் சந்தால ஓடுவினம் எண்டு எனக்குத் தெரியும்.

சுமன்: வெள்ளவத்தையில சோத்துப் பார்சலுக்கு முன்னால இருந்து நீ கேக்க... லண்டனில ஒரு அமைச்சர் எழும்பிப் பதில் சொன்னவர்...

மேனுகா: எழும்பேல்ல, எழுதினவர்.

சுமன்: எழுதினவர்! எத்தனை நாளில?

மேனுகா: ஒன்பது நாள்.

சுமன்: ஒன்பது... ஏன் எனக்கு முதலே சொல்லேல்ல?

மேனுகா: சைபர் எண்டு வந்திருந்தால் எப்பவும் சொல்லியிருக்கமாட்டன்.

சுமன்: ம்...

மேனுகா: அழாதேங்கோ அண்ணை.

சுமன்: வெங்காயம் இறக்கின கை. கண்ணில பட்டுட்டுது.

மேனுகா: ஓம் ஓம். கேளுங்கோ, இன்னும் முடியேல்ல. பதிலின்ர கடைசிப் பந்தி. அப்பிடிக் காத்திருக்கிற ஒருத்தருக்கு உறவினர் கடிதம் அனுப்பினால், அவர் இருக்கிறாரோ இல்லையோ எண்டு சொல்லமாட்டமாம். ஆனால் இருந்தால் அவற்ற கையில சேர்ப்பமாம். விரும்பினால் அவர் எழுதுவாராம்.

சுமன்: இருக்கிறான் எண்டும் சொல்லாமல் கையில குடுப்பினமோ?

மேனுகா: குடுப்பினம். அதுக்குத்தான் உங்களை வரச் சொன்னது. நான் என்ர பங்கை எழுதிட்டன். கீழ பாதித் தாள் விட்டிருக்கு. ரெண்டு மணிக்கு நான் திரும்பி ஏறவேணும், ஏறினவுடன ஸ்கேன் பண்ணி ஜவாஹிறாவுக்கு அனுப்புறன். இந்தாங்கோ பேனை.

சுமன்: நீ எழுதினது காணும்.

மேனுகா: காணாது. என்ர கடிதத்தைக் கண்டால் சிரிப்பான். உங்கட எழுத்தைக் கண்டால்தான் நம்புவான். உங்களுக்குத்தானே அவன் பயம்.

சுமன்: எனக்கு எழுத்து வராது. கோணல்மாணலாத்தான் வரும்.

மேனுகா: வரட்டும், வாசிப்பான். என்ன அண்ணை, ரெண்டு வரிதானே?

சுமன்: என்னத்தை எழுத?

மேனுகா: என்னத்தையோ. கடைசியா அவன் உங்களோட என்ன கதைச்சவன்? அதில இருந்து தொடங்குங்கோ. எனக்கு ஆடி மாசம் எடுத்தவன். மழை எண்டான், காலில கொப்புளம் எண்டான், அண்ணையிட்டச் சொல்லாத எண்டான். அதுக்குப் பிறகு ஒண்டும் இல்லை. உங்களுக்கும் ஒண்டும் வரேல்ல எண்டுதானே சொன்னனீங்கள்?

சுமன்: சொன்னனான்.

மேனுகா: வந்ததோ?

சுமன்: ரோல்ஸுக்குக் காசு குடுத்தனியோ?

மேனுகா: அண்ணை. நான் ஒரு கேள்வி கேட்டனான்.

சுமன்: வந்தது... ஆவணி மாசம். போனில ஒரு வொய்ஸ் மெசேஜ். உனக்கில்லை, எனக்கு. மழைச் சத்தம், அதுக்குள்ள அவன்ர குரல். ரெண்டு தரம் போட்டுக் கேட்டனான். கேட்டது அவனுக்கும் தெரிஞ்சிருக்கும், கேட்டால் போனில குறி நீலமா மாறுமாமே. அப்பா காய்ச்சலோட கப்பலுக்குப் போய் மூட்டை தூக்கினவர், இவனுக்குப் பழம் பிடுங்கக் கசக்குதோ எண்டு நினைச்சன். மறுமொழி குடுத்தால் வந்திடுவான், பேசாமல் விட்டால் பல்லைக் கடிச்சுக்கொண்டு நிப்பான் எண்டு நினைச்சன். அந்த அமைச்சர் ஆரெண்டே தெரியாத உனக்கு ஒன்பது நாளில பதில் சொன்னவர். என்ர தம்பி என்னட்ட ஒண்டே ஒண்டுதான் கேட்டவன் மேனு. "அண்ணை, நான் திரும்பி வரட்டோ?" ரெண்டு வருசமாச்சு. அந்தப் பதில் இன்னும் நான் அவனுக்குக் கடன்.